சித்தி சுற்றி வந்த ரயில்

தில்லியின் ரிங் ரயில் தண்டச்செலவு என்று யாராவது எழுதினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போன மாதம்கூட ஒரு மகானுபாவர் எழுதியிருந்தார். ஆளில்லாத பெட்டிகளாம், பஸ் எட்டாத ஸ்டேஷன்களாம், எல்லாம் வீணாம். படித்துவிட்டுப் பேப்பரைச் சோபாவில் கடாசினேன். அவர் அந்த வண்டியில் ஒரு தரமாவது முழுச்சுற்று போயிருப்பாரா? என்னைப்போல் தில்லிக் காலனிகளில் கம்பளி ஸ்வெட்டரும் ஒழுகும் மூக்குமாக வளர்ந்து, இப்போது மூட்டுவலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறவர்களே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். அந்த ரயில் எதற்கு ஓடியது என்று எனக்குத் தெரியும்.

அது பயணிகளுக்காகப் போட்ட பாதையே இல்லை. கூட்ஸ் வண்டிகள் ஊருக்கு நடுவே புகுந்து நெரிசல் பண்ணாமல் ஓரமாகச் சுற்றிப் போகட்டும் என்று போட்டது. நிஜாமுதீனில் புறப்பட்டால் லஜ்பத் நகர், லோதி காலனி, எங்கள் சரோஜினி நகர், மேற்கே கீர்த்தி நகர், வடக்கே சதர் பஜார், அப்புறம் புது தில்லி, திலக் பிரிட்ஜ் என்று ஊரையே ஒட்டியாணம் மாதிரி சுற்றிக்கொண்டு மறுபடி நிஜாமுதீனுக்கே வந்து சேரும். போனால் போகிறது என்று அதில் பயணிகள் வண்டியையும் விட்டார்கள். ஏஷியாட் விளையாட்டுப் போட்டி வந்த வருஷம் ஊருக்கே கல்யாணக் களை வந்தது அல்லவா, ஒரு பக்கம் மேம்பாலம், ஒரு பக்கம் கலர் டிவி. அப்போது இந்தப் பாதைக்கும் அதிர்ஷ்டம் அடித்தது. பழைய பெட்டிகள் போய் மின்சார வண்டி வந்தது. ஸ்டேஷன்களுக்குப் புதுப் பெயின்ட் அடித்தார்கள்.

எங்கள் வீட்டில் அதற்கு ஜிலேபி வாங்கினோம். அப்பாவுக்கு ரயில்வே ஆபீஸில், வண்டிகளுக்கு நேரம் போடும் பிரிவில் வேலை. பெரிய கட்டம் போட்ட தாளில் பக்கவாட்டில் ஸ்டேஷன் பெயர்கள், குறுக்கே மணி. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு சாய்ந்த கோடு. வேகமாகப் போகிற வண்டிக்கு நிமிர்ந்த கோடு, கூட்ஸுக்குப் படுத்த கோடு. தேவை முடிந்த தாள்களை வீட்டுக்குக் கொண்டுவருவார். என் பாடப்புத்தகங்களுக்கெல்லாம் அதுதான் அட்டை. மற்ற பிள்ளைகள் காலண்டர் சாமி படத்தைப் போட்டுக்கொண்டு வருவார்கள், என் கணக்குப் புத்தகத்தின்மேல் வண்டிகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஓடும். அதில் ஒரு தாளாவது எடுத்து வைத்திருக்கக் கூடாதா என்று இப்போது அடித்துக்கொள்கிறேன்.

புது வண்டி ஓட ஆரம்பித்த வாரம் அப்பா எங்களை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார். வண்டியில் ஏற்றுவார் என்று நான் பின்னலுக்கு ரிப்பன் எல்லாம் கட்டிக்கொண்டு போனேன். அவரோ பிளாட்பாரத்தில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வண்டி வந்தது, நின்றது, போனது. "பாத்தியா, டாண்ணு வந்துட்டான்," என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். ஏறவில்லையா அப்பா என்று கேட்டதற்கு, "ஏறி எங்க போக? நமக்கு அங்க என்ன சோலி?" என்றார். அவருக்கு ரயில் என்றால் ஒரு வேலையாக ஓர் இடத்துக்குப் போவது. அதற்குமேல் அதில் ஒன்றும் கிடையாது.

சித்தி அந்த வருஷம் கோடையில்தான் எங்களிடம் வந்தாள். அம்மாவின் தங்கை. கோவில்பட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்த இடத்தில் அடி தாங்காமல் ஒரு காலைப்பொழுதில் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பி வந்தவள். திரும்பிப் போகச் சொல்லி எத்தனையோ பேர் சொன்னார்கள். "போறவங்க போங்க, நான் போக மாட்டேன்," என்று சொல்லிவிட்டாள். பிறந்த வீட்டில் இருக்க விடவில்லை. தில்லிக்கு அனுப்பினார்கள்.

இரண்டு அறைக் குவார்ட்டர்ஸில் அவளுக்கென்று எங்கே இடம்? பால்கனியைத் தட்டி வைத்து அடைத்து அங்கே என்னோடு படுத்துக்கொண்டாள். முன்னறை நாற்காலியில் உட்கார்ந்தால் அப்பா வருகிற நேரம் என்று எழுந்துவிடுவாள். சமையலறையில் நின்றால் அம்மாவுக்குக் கைகால் இடிக்கும். வருகிற மாமிகள் ஒவ்வொருவரும் அவளை எதிரே வைத்துக்கொண்டே, "பாவம், இந்த வயசுல," என்று உச்சுக்கொட்டுவார்கள். அப்புறம் கேள்வி. ஏன் வந்தே, என்ன பண்ணினார், சமாதானம் பேசக் கூடாதா. சித்தி காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். கழுவிய டம்ளரையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருப்பாள். எனக்குக் கோபம் கோபமாக வரும். ஆனால் அப்போது நான் பெரியவர்களிடம் வாய் காட்டக் கற்றுக்கொண்டிருக்கவில்லை. அந்தக் குறையைப் பிற்காலத்தில் வட்டியோடு தீர்த்துக்கொண்டேன்.

அவளுக்கு டைப் அடிக்கத் தெரியும். கீர்த்தி நகரில் ஒரு மரக்கடை ஆபீஸில் வேலை கிடைத்தது. வீட்டில் பெரிய பஞ்சாயத்து. அந்தக் காலத்துத் தில்லி பஸ் எப்படி இருக்கும் என்று பெண்களாகப் பிறந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சேப்டி பின் இல்லாமல் ஏற முடியாது. "பஸ்லயெல்லாம் அனுப்ப முடியாது," என்றார் அப்பா. பிறகு அவரே, "நம்ம வண்டி இருக்குல்லா? சரோஜினி நகர்ல ஏறுனா நேரா கீர்த்தி நகர். லேடீஸ் பெட்டி. சாயங்காலம் எதிர் வண்டில ஏறுனா வெளக்கு வைக்கதுக்குள்ள வீடு," என்றார். அவர் நேரம் போட்ட வண்டியில் அவர் மச்சினி வேலைக்குப் போவதில் அவருக்கு ஒரு பெருமைகூட இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் அவருக்கு அநியாயம் செய்தவளாவேன்.

சித்தி வேலைக்குப் போனாள். அவள் திரும்பி வரும்போது தலைமயிரில் மரத்தூள் வாசம் அடிக்கும். தேக்கு இழைத்த சுருள்களை எனக்குக் கைப்பையில் கொண்டுவருவாள், மஞ்சளும் செம்மண் நிறமுமாக, வாழைப்பூ இதழ் மாதிரி மெல்லிசாக. அவற்றைக் காதில் ஜிமிக்கி மாதிரி மாட்டிக்கொண்டு திரிவேன். முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு சால்வை வாங்கினாள். முக்கியமாக, மாமிகள் வந்து உச்சுக்கொட்டுகிற நேரத்தில் அவள் வீட்டில் இல்லை.

தீபாவளி நெருங்க நெருங்க அவள் வருகிற நேரம் தள்ளிப்போக ஆரம்பித்தது. தில்லியில் அந்த மாதத்தில் சட்டென்று இருட்டிவிடும். காலனி முழுக்க அங்கீட்டி என்கிற கரியடுப்புகளின் புகை கவிந்து கண் எரியும். அம்மா ரொட்டிக்கு மாவு பிசைந்து வைத்துவிட்டு வாசலுக்கும் அடுப்புக்குமாக நடப்பாள். சித்தி வந்ததும், "ஏட்டி, ஏன் இம்புட்டு நேரம்?" என்பாள். சித்தி, "வண்டி இப்பந்தான்க்கா வந்துச்சு," என்பாள். அது பொய் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவள் ஏறிய வண்டி அப்போதுதான் வந்தது. அப்பா பெரும்பாலும் அவளுக்குப் பின்னால்தான் வருவார், அதனால் அவருக்குத் தெரியவில்லை.

தெரியவைத்தவர் எதிர்வீட்டு மாமா. கும்பகோணத்துக்காரர், கணக்குத் தணிக்கை ஆபீஸில் வேலை. ஒரு சாயங்காலம் அப்பா ஷூவைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே வாசலில் வந்து நின்றார். சித்தி அப்போது உள்ளே முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"சார், தப்பா எடுத்துக்கப்படாது. சொல்லாம இருந்தா நாளைக்கு நீங்களே என்னைக் கேப்பேள். உங்க மச்சினிக்கு ஆபீஸ் கீர்த்தி நகர்னு தானே சொன்னேள்?"

"ஆமா சார். என்ன விஷயம்?"

"இன்னிக்குத் திலக் பிரிட்ஜ்ல பார்த்தேன். ஜன்னலோரமா உக்காந்துண்டிருந்தா. போன வாரமும் ஒரு நாள் பார்த்தேன். கீர்த்தி நகர் எங்கே, திலக் பிரிட்ஜ் எங்கே! ஊருக்கு இந்தக் கோடியும் அந்தக் கோடியும். அந்தப் பக்கம் அவளுக்கு என்ன ஜோலி இருக்கும்? காலம் கெட்டுக் கிடக்கு, அதான் சொன்னேன்."

சொல்லிவிட்டு, "வரேன்," என்று கதவைச் சாத்திக்கொண்டு போனார். போன வாரமும் இந்த வாரமும் இவர் திலக் பிரிட்ஜ் பிளாட்பாரத்தில் லேடீஸ் பெட்டிக்கு எதிரே நின்று என்ன பார்த்துக்கொண்டிருந்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் இன்றைக்குக் கேட்கிறேன்.

அப்பா இரண்டாவது ஷூவைக் கழற்றாமலே சித்தியைக் கூப்பிட்டார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும்.

"கூட்ஸுக்காக ஒங்க வண்டிய நிறுத்திருப்பான். எப்ப வருமோன்னு அந்தப் பக்கத்து வண்டில ஏறி சுத்தி வந்திருக்க. அதானம்மா நடந்துச்சு? ஆமான்னு சொல்லிரு. நான் அவருகிட்ட சொல்லிக்கிடுதேன். முடிஞ்சுபோச்சு."

அம்மா அடுப்பங்கரை நிலையில் நின்றபடி சித்தியைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், ஆமான்னு சொல்லுட்டி என்பது மாதிரி. ஒரு ஆமாதான். அதைச் சொல்லியிருந்தால் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருப்போம்.

"கூட்ஸும் வரல, ஒண்ணும் வரல அத்தான்," என்றாள் சித்தி. "வண்டி நேரத்துக்குத்தான் வந்துச்சு. நாந்தான் அதுல ஏறல. அடுத்த பக்கத்து வண்டில ஏறி சுத்திக்கிட்டு வந்தேன். இன்னைக்கு மட்டுமில்ல. தெனமும் அப்படித்தான் வாறேன்."

"யாரப் பாக்க?"

"யாரையும் பாக்கல."

"பொறவு எதுக்கு?"

"ஜன்னலோரத்துல ஒக்காரதுக்கு."

அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் முகத்தில் இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. துடைக்கவில்லை.

"இந்த வீட்டுல நான் எங்க ஒக்காந்தாலும் அது இன்னொருத்தர் எடமா இருக்கு அத்தான். உங்கள ஒரு குத்தமும் சொல்லல. சோறு போடுதீங்க, துணி எடுத்துத் தாறீங்க. ஆனா அந்த வண்டில டிக்கெட் எடுத்துட்டேன்னா அந்த எடம் எனக்கு. எறங்குத வரைக்கும் ஒருத்தரும் என்கிட்ட ஒண்ணும் கேக்க மாட்டாவ. நிஜாமுதீன்ல எல்லாரும் எறங்கிப் போயிருவாவ, வண்டி சும்மா நிக்கும். அப்பமும் நான் ஒக்காந்திருப்பேன்."

"இத வெளிய சொன்னா எவனாவது நம்புவானா?"

"நம்ப வேண்டாம்."

"வண்டிங்கது ஒரு எடத்துக்குப் போறதுக்கு. சும்மா சுத்ததுக்கு இல்ல. நாளைலேருந்து நேர் வண்டில வா. இல்ல, வேலைய விடு."

"ரெண்டும் முடியாது அத்தான்."

"அப்பம் இந்த வீட்டுலயும் முடியாது," என்றார் அப்பா.

சித்தி, "சரி," என்றாள். வேலைக்குப் போகும் பெண்கள் தங்குகிற விடுதி ஒன்று இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைக்குள் இடம் பார்த்துக்கொண்டு போய்விடுகிறேன் என்றாள். துண்டை எடுத்து அப்போதுதான் முகத்தைத் துடைத்தாள்.

அப்பா அந்த மாமாவுக்குப் பயந்துதான் அப்படிச் செய்தார் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. எவனையாவது பார்க்கப் போனாள் என்றிருந்தால்கூட அவருக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். ஒரு பெண்பிள்ளை ஒருவருக்காகவும் இல்லாமல், ஒரு காரியமும் இல்லாமல், தனக்குப் பிடித்திருக்கிறது என்று ஊரைச் சுற்றி வருகிறாள் என்பதை அவரால் எந்தக் கட்டத்திலும் கோடாகப் போட முடியவில்லை. நல்ல மனிதர்தான். அதற்காக அவர் செய்தது சரியாகிவிடாது.

அந்த வாரம் வீடு இழவு வீடு மாதிரி இருந்தது. சித்தி சுற்றித்தான் வந்தாள். ஒளிக்கவில்லை, அவசரப்படவும் இல்லை. அப்பா அவளோடு பேசவில்லை. அம்மா இரண்டு பேரோடும் பேசவில்லை. காலையில் எனக்குத் தலை பின்னும்போது மட்டும், "ஏட்டி, அந்த வண்டில அப்படி என்னதான் இருக்கு?" என்று கேட்டாள். எனக்கென்ன தெரியும் என்றேன். அவள் கேட்டது என்னை இல்லை போலிருக்கிறது. பின்னலை வெடுக்கென்று இழுத்து முடித்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து விளையாடப் போகக் கிளம்பியபோது அம்மா புடவை மாற்றிக்கொண்டு நின்றாள். சித்தி வாங்கித் தந்த சால்வையைப் போர்த்தியிருந்தாள். "ஸ்வெட்டரப் போடு," என்றாள். வீட்டைப் பூட்டினாள். பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள். சாவியை எதிர்வீட்டில் கொடுப்பதுதான் வழக்கம். அன்றைக்கு இடுப்பில் செருகிக்கொண்டாள்.

டிக்கெட் ஜன்னலில் இருந்தவர் கடலை உரித்துக்கொண்டிருந்தார். "கஹாங் ஜானா ஹை?" என்றார், எங்கே போகணும் என்று.

"சரோஜினி நகர்," என்றாள் அம்மா.

"பெஹன்ஜி, யே ஹீ தோ சரோஜினி நகர் ஹை," என்றார், இதுதானம்மா சரோஜினி நகர் என்று.

"ஹாங். யஹாங் ஸே யஹாங்," என்றாள் அம்மா. இங்கிருந்து இங்கேயே. அவள் ஹிந்தி காய்கறிக்காரனோடு பேரம் பேசுகிற அளவுக்குத்தான். அதை வைத்துக்கொண்டு விரலால் காற்றில் ஒரு பெரிய வட்டம் போட்டுக் காட்டினாள்.

அவர் கடலையை வைத்துவிட்டு எங்களை ஏற இறங்கப் பார்த்தார். அப்படி ஒரு டிக்கெட் கிடையாது, ஏறுகிற இடத்துக்கே டிக்கெட் கொடுக்க முடியாது என்றார். எங்கேயாவது ஓர் ஊர் சொல்லுங்கள் என்றார். அம்மா அசையவில்லை. பின்னால் நின்றவர், "ஜல்தி கரோ பாய்," என்று சீக்கிரம் முடிக்கச் சொல்லிச் சத்தம் போட்டார். கடைசியில் அவரே யோசித்து, புது தில்லிக்குப் போக வர டிக்கெட் கொடுத்தார். போவது ஒரு பக்கமாகவும் வருவது மறுபக்கமாகவும் இருந்தால் யார் கேட்கப்போகிறார்கள் என்று சிரித்தார். தடித்த அட்டை டிக்கெட்டுகளை அம்மா என் கையில் கொடுத்தாள்.

வண்டியில் ஏறினோம். கீர்த்தி நகர் வந்தது. பிளாட்பாரத்தில் சித்தி நின்றுகொண்டிருந்தாள். எங்கள் பெட்டியில்தான் ஏறினாள், எங்களைப் பார்த்துக் கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

"யாருக்கு என்ன ஆச்சுக்கா?"

"ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. வந்து ஒக்காரு. இல்ல, நில்லு. எந்தப் பக்கத்து ஜன்னலு நல்லா இருக்கும்?"

சித்தி காட்டினாள். அம்மா அங்கே உட்கார்ந்துகொண்டாள்.

தில்லிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, நான் பிறந்து, இத்தனை வருஷத்தில் அம்மா அறிந்த தில்லி ரேஷன் கடையும் மார்க்கெட்டும் கோயிலும்தான். அன்றைக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். தண்டவாளத்தை ஒட்டிய குடிசைகளில் சாயங்கால அடுப்புகள் எரிந்தன. சதர் பஜார் வந்ததும் மிளகாய் மூட்டைக் காரம் மூக்கில் ஏறி நாங்கள் மூன்று பேரும் தும்மினோம். ஒரு பெரிய வேப்பமரம் முழுக்கக் கிளிகள் கத்தின. அடுத்த ஸ்டேஷனில் மேம்பால வேலைக்குப் போய்த் திரும்பும் பெண்கள் கூட்டமாக ஏறினார்கள், சிமென்ட் அப்பிய கைகளோடு, சட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்கள். நாங்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு ஒருத்தி, "நீங்க எந்த ஊருங்க?" என்றாள். அவர்கள் சேலத்துப் பக்கம்.

"எங்க எறங்கறீங்க?" என்று கேட்டாள்.

"ஏறுன எடத்துலயே," என்றாள் அம்மா.

அவளுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. "நல்லா காத்தாட போய்ட்டு வாங்க," என்று சொல்லி வறுத்த கடலையில் ஒரு கை அள்ளி என் மடியில் போட்டாள்.

நிஜாமுதீனில் சித்தி சொன்ன மாதிரியே எல்லாரும் இறங்கிப் போனார்கள். விளக்குப் போட்ட காலிப் பெட்டியில் நாங்கள் மட்டும். எங்கோ ஒரு கூட்ஸ் வண்டி நகர்ந்துகொண்டே இருந்தது. அம்மா காலைத் தூக்கி எதிர் பெஞ்சில் நீட்டினாள். அவள் எங்கள் வீட்டில் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "எனக்குத் தெரியாமப்போச்சேட்டி," என்றாள் சித்தியிடம். சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். வண்டி புறப்பட்டது.

நாங்கள் காலனிக்குள் நுழைந்தபோது நன்றாக இருட்டியிருந்தது. எங்கள் வீட்டு வாசலில், பூட்டிய கதவுக்கு முன்னால், மாடிப்படியில் அப்பா உட்கார்ந்திருந்தார். மடியில் டிபன் கேரியர் பை. எதிர்வீட்டு மாமா தன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். மேல்மாடியிலிருந்து இரண்டு மாமிகள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சித்தி என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

அப்பா எழுந்தார். "எங்க போயிருந்தீங்க?"

அம்மா படி ஏறி அவருக்கு எதிரே போய் நின்றாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, ஆனால் குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"சரோஜினி நகர்ல ஏறுனோம். சரோஜினி நகர்லயே எறங்குனோம். நீங்க போட்ட வண்டிதான். நாங்க எங்க போனோம்னு நீங்களே சொல்லுங்க."

அப்பா மாமாவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். டிபன் கேரியர் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். எதிர்வீட்டுக் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

அம்மா இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அப்பாவின் கையில் வைத்தாள்.

"அவ எங்கயும் போகல. திங்கக்கிழமையும் சுத்தித்தான் வருவா, இங்கதான் வருவா. சாவிய நீங்களே வச்சுக்கிடுங்க. இனிமே சனிக்கிழமைல நீங்க வரும்போது நானும் வீட்டுல இருக்க மாட்டேன், அந்த வண்டிலதான் இருப்பேன்."